துஞ்சினார், காலமானார், பலி!

திருத்தங்கல் கடைவீதிச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு மேலே 'அமரர்' என்று இருக்கும். அமரர் என்றால் சாவே இல்லாதவர், அதாவது தேவர்! செத்துப்போனவருக்கு இப்படி ஒரு பட்டமா என்று சிரிக்காதீர்கள். இது ரொம்பப் பழைய மரியாதை.

சங்கப் புலவர் பொற்கொல்லன் வெண்ணாகனாரின் ஊர் 'தங்கால்'. இன்றைய திருத்தங்கல்தான் அது என்பார்கள். அவர் பாட்டு இருக்கும் அதே புறநானூற்றில் ஒரு பாண்டியனின் பெயர், 'இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்'. துஞ்சுதல் என்றால் தூங்குதல். 'செத்தார்' என்று சொல்லக் கூசி 'துஞ்சினார்' என்றார்கள். இலக்கணத்தில் இதற்கு 'மங்கலம்' என்று பெயர்.

சோழர்களும் இதை விடவில்லை. சுந்தர சோழன், 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்தவன். 949-ல் தக்கோலப் போரில் யானை மேலேயே கொல்லப்பட்ட ராஜாதித்தன், 'ஆனைமேல் துஞ்சின' தேவர். யானை மேல் யாராவது தூங்குவார்களா? சொல் மென்மையானது; ஆனால் எங்கே, எப்படிச் செத்தான் என்ற விவரத்தை அது மறைக்கவில்லை. கவனியுங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் பெரும் வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்து நடந்தால் செய்தித் தலைப்பில் வரும் சொல் 'பலி'. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதும்போது அதே ஆள் 'காலஞ்சென்ற' இன்னார் ஆகிவிடுவார்.

இரண்டு சொல்லுமே இடிக்கிறது. காலஞ்சென்றவர் என்றால் காலம் முடிந்து போனவர். மருந்து செலுத்தும் அறையில் கருகிப்போன இளம்பெண்ணுக்கா காலம் முடிந்தது? பலி என்றால் தெய்வத்துக்குப் படைப்பது. கூலிக்குப் போனவரைப் படைத்தது யார், எந்தச் சாமிக்கு?

ராஜாவுக்கு இறந்த இடத்தையும் சேர்த்துப் பெயர் எழுதி வைத்தது தமிழ். தொழிலாளிக்கு ஓர் எண்ணிக்கை மட்டும். 'ஐந்து பேர் பலி' என்று படிக்கும்போது, அடுத்த வரியில் அந்த ஐந்து பேர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அமரர் பட்டம் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.