கண்ணாடியைக் களைந்த கதை

கிட்டப்பார்வையைப் பெரும்பாலும் ஓர் அளவுப் பிழை எனலாம். விழிக்கோளம் சற்றே நீண்டுவிடுவதால், ஒளிக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகின்றன. கண்ணாடி அக்கதிர்களை விரித்து அனுப்புகிறது. அறுவை மருத்துவமோ, கண்ணின் முன்புறத் தெளிபடலமாகிய கார்னியாவின் வளைவையே மாற்றுகிறது. பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல் ஆகியவற்றுள் எது சிறந்தது என வினவுவோர், இம்முறைகள் கடந்துவந்த வழியை அறிதல் நன்று.

முதல் பாடம் ஜப்பானில் கிட்டியது. 1930களின் இறுதியில் மருத்துவர் சாட்டோ, கார்னியாவின் உட்புறத்தில் கீறல்களிட்டு அதன் வளைவைக் குறைக்க முனைந்தார். தொடக்கத்தில் பலரின் பார்வை தெளிவுற்றது. ஆனால், உட்புற உயிரணு அடுக்கே கார்னியாவில் நீர் கோத்துவிடாமல் காக்கிறது என்பதை அக்கால மருத்துவம் அறிந்திருக்கவில்லை. சேதமுற்ற அவ்வடுக்கு மீண்டும் வளர்வதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், அவர்களுள் பலரின் கார்னியா வீங்கி மங்கியது.

1970களில் சோவியத் மருத்துவர் ஃபியோதரோவ், வெளிப்புறத்தில் மட்டும் ஆரைபோல் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் இம்முறையை ஆராய்ந்த குழு, தன் பத்தாண்டு முடிவுகளை 1994இல் வெளியிட்டது. 43 விழுக்காட்டுக் கண்கள், ஒரு டயாப்டர் அல்லது அதற்கு மேலாகத் தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. இவ்வறுவை செய்துகொண்ட பெக் வெதர்ஸ் என்பார், 1996இல் எவரெஸ்ட் மலையின் உயரத்தில் பார்வை மங்கித் தவித்தார்.

கத்திக்கு மாற்றாக வந்தது எக்சைமர் லேசர். இதில் தமிழருக்கும் பெருமையுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற்கு விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுசென்றார். அதன்மீது பாய்ந்த லேசர், சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் நுட்பமாகச் செதுக்கியது. அதிலிருந்து பிறந்ததே பி.ஆர்.கே. இம்முறையில் மேற்தோலை நீக்கிக் கார்னியாவின் மேற்பரப்பைச் செதுக்குவர். சில நாள் வலியுண்டு. பார்வை மெல்லத் தெளியும். அமெரிக்கா இதற்கு 1995இல் ஒப்புதல் அளித்தது.

கொலம்பியாவின் பர்ராக்கேர் 1949இலேயே கார்னியாவின் திசுவைக் கொண்டே பார்வையைத் திருத்தும் எண்ணத்தை வெளியிட்டிருந்தார். கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ், 1990 வாக்கில் அவ்வெண்ணத்தை லேசருடன் இணைத்தார். மெல்லிய மூடியொன்றைத் திறந்து, அடியிலுள்ள திசுவைச் செதுக்கி, மீண்டும் மூடுவதே லேசிக். மறுநாளே தெளிவு கிட்டும், வலியும் குறைவு. எனினும் கண் வறட்சி, பலத்த அடிபட்டால் மூடி விலகுதல், மெல்லிய கார்னியா மேலும் வலுவிழந்து புடைத்தல் ஆகிய இடர்கள் இதற்குண்டு. மூடியின்றி, சிறு துளை வழியே உள்திசுத் தகட்டை உருவியெடுப்பது ஸ்மைல். அமெரிக்கா இதனை ஏற்றது 2016இல். ஆகவே இதன் நெடுங்காலக் கணக்கு லேசிக்கினுடையதைவிடச் சிறியது.

மிகுதியான கிட்டப்பார்வைக்கோ, மெல்லிய கார்னியாவுக்கோ, கண்ணுள் வில்லை பொருத்தும் முறையும் உண்டு. தேவைப்படின் அவ்வில்லையை அகற்றலாம். ஆனால் கண்புரை, கண்ணழுத்தம் ஆகியவற்றைக் கண்காணித்தல் வேண்டும். லேசர் அகற்றிய திசுவோ மீளாது.

ஆகவே, எல்லார்க்கும் உகந்த ஒரே முறையென்று ஏதுமில்லை. கார்னியாவின் தடிமன், கண்ணின் ஈரம், பார்வையளவின் நிலைப்பு, செய்தொழில் ஆகியவையே தேர்வைத் தீர்மானிக்கும். கண்ணாடியின் அளவு ஆண்டுதோறும் ஏறிவரும் மாணவர்கள் காத்திருத்தலே அறிவுடைமை. அறுவைக்கு மறுநாள் காலையில் எழுத்துகள் தெளிவாய்த் தெரிவது மகிழ்ச்சிக்குரியதே. சாட்டோவின் நோயாளிகளுக்கும் அவ்வாறே தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் என்னவாகும் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.