அளவுகோல் யாருடையது? பனியன் நகரில் மக்கள் பங்கேற்புத் திட்டங்கள்

ஒரு வட்டாரத்து மக்களின் வாழ்வில் நிலவும் குறையொன்றை நீக்கவோ புதிய வாய்ப்பொன்றை உருவாக்கவோ, கால எல்லையும் நிதி எல்லையும் வகுத்துக்கொண்டு மேற்கொள்ளப்படும் முயற்சியைச் சமூகப் பணி இயலார் சமூக இடையீட்டுத் திட்டம் என வழங்குவர். அத்தகைய திட்டங்களின் அறிக்கைகளில் ‘மக்கள் பங்கேற்புடன்’ என்னும் தொடர் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டுச் செல்வதும் பங்கேற்பு என்றே எழுதப்படுகிறது, திட்டப் பணத்தை மக்கள் தாமே கையாள்வதும் பங்கேற்பு என்றே எழுதப்படுகிறது. அமெரிக்க அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் இந்த வேறுபாட்டை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்து, தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும் பெயரளவுப் பங்கேற்பாக நடுப்படிகளில் நிறுத்தினார். பனியன் நகரமான திருப்பூர் வட்டாரத்தின் பட்டறிவோ அந்த ஏணியில் ஏறுவதற்கு முன்பே கேட்டாக வேண்டிய ஒரு கேள்வியை முன்வைக்கிறது: திட்டம் வென்றதா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது, அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிப்பதற்குச் சாயத்தொட்டியில் பெருமளவில் உப்புச் சேர்க்கப்படுகிறது. வேலை முடிந்ததும் அந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. சாயப் பட்டறைகள் பெருகி ஆறு நிறம் மாறியபோது, பல பட்டறைகளின் கழிவை ஓரிடத்தில் சேர்த்துத் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990களில் எழுந்தன. அவை வேதிப்பொருள்களைக் கொண்டு சாயத்தைப் படியவைத்து நிறத்தை நீக்கின. நீரில் கரைந்திருந்த உப்பு அப்படியே ஆற்றில் கலந்தது. கண்ணுக்குத் தெரிந்த கேடு அளக்கப்பட்டது, ஆற்றின் கீழ்ப்பகுதி உழவரின் கிணற்றையும் மண்ணையும் கெடுத்த கேடு திட்டத்தின் கணக்குக்குள் வரவில்லை. ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன உழவரே கேட்கும் நிலை வந்தது.

திட்டம் வகுக்கப்பட்ட மேசையில் இடம்பெறாத உழவர்கள் நீதிமன்றத்தில் மனுதாரர்களாக வந்து நின்றார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது; ஆணை நிறைவேறாததால் 2011 சனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பட்டறைத் தொழிலாளர் பலர் வேலையிழந்து சொந்த ஊர் திரும்பினர். அரசு வட்டியில்லாக் கடன் தந்து, சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்டு உப்பையும் நீரையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் முறை நிலைபெற்ற பின்னரே தொழில் மீண்டது. அந்தத் தொழில்நுட்ப வெற்றி பெருமைக்குரியதே. ஆயினும், கீழ்ப்பகுதி உழவரின் உப்புக் கணக்கு முதல் வரைவிலேயே அளவுகோலாக ஏற்கப்பட்டிருந்தால், ஏறக்குறைய இருபது ஆண்டு மண்கேட்டையும் 2011இன் திடீர் வேலையிழப்பையும் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்றே கருத வேண்டியுள்ளது.

எதிர்த்திசையிலான பட்டறிவும் தமிழ்நாட்டில் உண்டு. உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், ஊரில் ஏழை யார் என்பதை அலுவலர் பட்டியலிடவில்லை. மக்களே கூடித் தெருவையும் வீடுகளையும் தரையில் வரைந்து, ஏழைமைக்கான அடையாளங்களைத் தாமே பேசி முடிவுசெய்து, பெயர்களைக் குறித்தனர். அப்பட்டியல் கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது விதி. நிதி கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்கு நேரே சென்றது. பயன்பெறுவோரே வரவு செலவையும் வேலையின் தரத்தையும் ஊரறியச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்குத் தனிக்குழு அமைந்தது. அளவுகோல், பணம், கணக்குப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒருசேர மக்கள் கைக்கு வந்ததே அதன் வலிமை.

இந்த முறையைத் திருப்பூரின் நல்லூருக்கு அப்படியே பெயர்த்து நடுவது எளிதன்று. காங்கயம் சாலையை ஒட்டிய நல்லூர், தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. பழைய குடியானவர் குடும்பங்களும், தென்மாவட்டங்களிலிருந்து வந்து வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் தங்கியோரும், ஒடிசா, பீகார், சார்க்கண்ட் மாநிலத் தொழிலாளரும் அடுத்தடுத்து வாழும் இத்தகைய இடத்தில் ‘ஊர் மக்கள்’ என்பவர் யார் என்பதே முதல் சிக்கல். நேரம் இரண்டாவது சிக்கல். பனியன் கம்பெனிகளில் வேலை ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. ஆர்டர் நெருக்கும் காலத்தில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் கூட்டத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் கூலி இழப்பு. அலுவலக நேரத்தில் கூட்டப்படும் கலந்தாய்வுக்கு வர முடிந்தவர்கள் வீட்டு உரிமையாளரும் கடைக்காரரும் ஓய்வுபெற்றோருமே ஆவர். அவர்கள் சொல்வது பொய்யன்று. சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் உண்மையான தேவைகளே. ஆனால் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணின் தேவை அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை.

குழந்தைகள் காப்பகத் திட்டமொன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். திட்டம் தொடங்கும் முன்னுள்ள நிலையைப் பதிவுசெய்யும் தொடக்கநிலை ஆய்வு, எத்தனை குழந்தைகள் இருக்கின்றன என்பதோடு நின்றுவிட்டால், கட்டடமும் ஆயாவும் பொம்மைகளும் கொண்ட காப்பகம் உருவாகும். அது மாலையில் மூடப்படும். ஒன்றரை ஷிப்ட் முடித்துவரும் தாய்க்கு அதனால் பயனில்லை. சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகத் திட்ட அலுவலர் காட்டுவார். தாயோ, கடைசி ஒரு மணி நேரம் குழந்தை யாரிடம் இருந்தது என்பதைக்கொண்டு அளப்பார். அந்தக் கடைசி மணியைத் திட்டத்தின் குறியீடாக, அதாவது வெற்றி தோல்வியைக் காட்டும் அளவாக, எழுதவைப்பதே இங்குப் பங்கேற்பு. அதற்கு ஆய்வாளர் ஞாயிறன்று லைன் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வரைவு முடிந்தபின் அதே வாசலுக்குத் திரும்பி, எது சேர்ந்தது, எது விடுபட்டது, ஏன் என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது வேலையையே பெரும்பாலான திட்டங்கள் செய்வதில்லை.

திட்டங்களில் மக்கள் தரும் பங்களிப்பு பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2021இல் புத்துயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பணியின் மதிப்பில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, மீதியை அரசு ஏற்கிறது. தம் பணம் கலந்த பணியை மக்கள் காத்துப் பேணுவர் என்பது உண்மை. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ முயற்சி பல லட்சம் மரங்களாக வளர்ந்ததற்கும், ‘வெற்றி’ என்னும் தன்னார்வ அமைப்பு கன்றுகளை நட்டுத் தர, நிலத்துக்காரர் அவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றதே காரணம். ஆனால் நிலமோ ரொக்கமோ இல்லாதவர்கள் மிகுந்த தெருவில் பங்களிப்பையே நுழைவுச்சீட்டாக வைத்தால், பணம் தருபவரின் தெருவுக்கே பணி போய்ச் சேரும். அத்தகைய இடங்களில், பங்களிப்பின் அளவைப் பொருட்படுத்தாமல் திட்டத்தின் கணக்குப் பார்க்கும் குழுவில் வாடகைதாரருக்கும் பெண் தொழிலாளருக்கும் இடம் ஒதுக்குவதே முறையானது.

இத்தகைய பங்கேற்புக்கான வாயில் நகர்ப்புறத்தில் இப்போது திறந்திருக்கிறது. கிராம சபையைப் போன்று நகர வார்டுகளுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள், 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் கூட்டப்பட்டன. திருப்பூர் மாநகராட்சியின் 60 வார்டுகளும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கும். ஆயினும் பகுதி சபை வாக்காளர் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது; வாக்கு வேறோர் ஊரில் இருக்கும் தொழிலாளர், பத்தாண்டு நல்லூரில் வாழ்ந்தாலும் அதன் உறுப்பினர் ஆவதில்லை. விதி மாறும்வரை காத்திராமல், நல்லூர் வட்டார வார்டு உறுப்பினர்களும் தொண்டு நிறுவனங்களும் கம்பெனி உரிமையாளர்களும் இணைந்து, பகுதி சபை கூடும் நாளில் தொழிலாளருக்குக் கூலி இழப்பின்றி இரண்டு மணி நேரம் விடுப்பளித்து, வாக்கில்லாதவரையும் அழைத்து அமரவைத்து, அவர்கள் சொல்வதை நடவடிக்கைப் பதிவேட்டில் அவர்கள் பெயரோடு எழுத முன்வர வேண்டும்.