காணாமலே காத்திருந்தவர்



திருவருகைக் காலம் நம் வட்டாரத்தில் மழைக்காலத்தோடு சேர்ந்தே வருகிறது. நவம்பர் 30-க்கு மிக அண்மையிலுள்ள ஞாயிறன்று நாம் ஆலயத்தில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுகிறோம். அந்நாள்களில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே விவசாயிகள், இவ்வாண்டு கண்மாய் பெருகுமா என்று மேற்கு மலையைப் பார்த்தபடி இருப்பர். இரு வாரங்களில் மார்கழி பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரின் அதிகாலையில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். காத்திருப்பு இம்மண்ணுக்கு நாம் புதிதாய்க் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியை அடக்கம் செய்தேன். வீட்டைவிட்டுச் சென்ற மகனுக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜெபித்தவர் அவர், மகன் திரும்பவில்லை. திருவருகை நாள்களாதலால், தேவாலயத்தில் காத்திருந்து குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனைப் பற்றிப் பிரசங்கித்தேன். கல்லறைத் தோட்டத்தைவிட்டு வெளியே வருகையில் அம்மூதாட்டியின் மகள் கேட்டார்: “சிமியோன் பிள்ளையைக் கையில வாங்கினாரே ஐயா. எங்க அம்மா வாங்கலையே.” எனக்குப் பதில் வரவில்லை. இறையியல் கல்லூரியில் படித்த எதுவும் அவ்வேளையில் கைகொடுக்கவில்லை.

அக்கேள்வியைச் சுமந்து நடந்த நாள்களில்தான் ராக்லண்ட் ஐயரின் வரலாற்றை மீண்டும் வாசித்தேன். தாமஸ் கஜேத்தான் ராக்லண்ட் 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். 1841-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். வசதியான கல்லூரி வாழ்வு அவருக்குக் காத்திருந்தது. அதை விட்டுச் சென்னைக்கு வந்து, சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளராகக் கடிதங்களையும் கணக்குகளையும் பார்த்துக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தார். ஊழியத்தில் கணக்கெழுதும் பகுதியை நாம் காத்திருப்பாக எண்ணுவதில்லை. அவருக்கோ அதுவே முதல் காத்திருப்பாயிற்று.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் மெய்ஞ்ஞானபுரம் போன்ற கிறிஸ்தவக் கிராமங்கள் வேரூன்றியிருந்தன. வடபகுதியிலோ, அதாவது சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் சூழ்ந்த நம் வட்டாரத்தில், சபைகள் மிக அரிது. 1854-இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இளம் போதகர் இருவரோடு ராக்லண்ட் இங்கே வந்தார். பங்களாவோ பள்ளிக்கூடமோ கட்டுவதில் அவர்கள் முனையவில்லை. ஓர் ஊரருகே கூடாரம் அடிப்பர். சுற்றியுள்ள கிராமங்களில் பேசுவர். பின் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குச் செல்வர். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பி அவர்களோடு நடக்கச் செய்தன. வெள்ளைக்காரர் பெயர்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நமக்கு இது எப்போதும் மறந்துபோகிறது.

ராக்லண்டின் நுரையீரல் ஏற்கெனவே நோயுற்றிருந்தது. அவர் அதை அறிந்தே வெயிலிலும் தூசியிலும் நடந்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென இரத்தம் கசிந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது 43. அவ்வாண்டுத் திருவருகைக் காலம் தொடங்க இன்னும் ஐந்து வாரங்களுக்குமேல் இருந்தன. எண்ணத் தெரிந்த கணித மேதை அவர்; நான்கு ஆண்டுப் பலனை எண்ணியிருந்தால் கை விரல்களை மடக்கவே தயங்கியிருப்பார்.

‘பின்னாளில் இங்கே சபைகள் எழும்பின, ஆகவே அவர் காத்திருப்பு வீண்போகவில்லை’ என்று பிரசங்கத்தை முடிப்பது எளிது. நானும் அப்படி முடித்ததுண்டு. சபைகள் எழும்பியது உண்மையே. ஆயினும் ராக்லண்ட் அவற்றைக் காணவில்லை. பின்வந்த பலனைக் கொண்டு அவருடைய விசுவாசத்தை அளந்தால், பலன் வராத இடங்களில் உழைத்தவர்களை என்ன செய்வது? அம்மூதாட்டியை என்ன செய்வது? ராக்லண்ட் தேவனை நம்பினார் என்பதற்கு அவர் கண்ட பலன் சாட்சியன்று. அடுத்த ஊரில் மறுபடி அடித்த கூடாரமே சாட்சி. டோனாவூரிலிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிற்காலத்தில் இவருடைய வாழ்வை நூலாக எழுதியதும், வெற்றிக் கதை தேடியதால் அன்று என்றே நினைக்கிறேன்.

சிமியோனை நாம் காத்திருப்போரின் இலக்கணமாகக் கொண்டுவிட்டோம். உண்மையில் அவர் விதிவிலக்கு. மேசியாவுக்காகக் காத்திருந்த தலைமுறைகள் பல. கையில் ஏந்தியவர் அவர். ‘மாரநாதா’ என்று கர்த்தரின் வருகையை வேண்டிய முதல் நூற்றாண்டுச் சபையார் அனைவரும் அவ்வருகையைக் காணாமலே நித்திரையடைந்தனர். திருவருகைக் காலம் பெத்லகேமைத் திரும்பிப் பார்ப்பது மட்டுமன்று; இரண்டாம் வருகையை நோக்குவதுமாகும். அவ்வகையில் நம் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் ஒவ்வொருவரும் காத்திருப்பின் நடுவிலேயே மரித்தவர்தாம். எபிரெயர் 11-ஆம் அதிகாரம் அத்தகையோரின் பட்டியல்: வாக்குத்தத்தத்தின் நிறைவைத் தூரத்திலிருந்து கண்டு வணங்கி, அதைப் பெறாமலே மரித்தவர்கள்.

அம்மகள் இன்றும் தம் அண்ணனுக்காக ஜெபிக்கிறார். இரண்டாம் திருவருகை ஞாயிறன்று மாலை அவர் வீட்டில் குடும்ப ஜெபம் நடத்த அழைத்திருக்கிறார். இம்முறை லூக்கா 2-ஐ விடுத்து, எபிரெயர் 11-ஐ வாசிக்க எண்ணியிருக்கிறேன்.