காபி கிடையாது!

ஹாலிவுட் படங்களில் ஒரு ஓட்டல் அடிக்கடி வருமே, கவனித்திருக்கிறீர்களா? ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். நீள மேடை, அதன் முன்னால் வரிசையாக ஸ்டூல்கள், கேட்காமலேயே காபி ஊற்றிக்கொண்டு போகிற பெண்மணி. அதற்குப் பெயர் டைனர்.

அதை ஆரம்பித்து வைத்தது பத்திரிகைக்காரர்களின் பசி என்றால் நம்புவீர்களா? 1872. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம். ராத்திரி ஓட்டல்கள் மூடிவிடும். விடிய விடிய பேப்பர் வேலை பார்க்கிறவர்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்? வால்டர் ஸ்காட் என்று ஒருவர் (நாவல் எழுதியவர் இல்லை, இவர் வேறு) குதிரை வண்டியில் சாண்ட்விச், காபியோடு பத்திரிகை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அந்த வண்டியின் வாரிசுதான் டைனர்.

சினிமாக்காரர்களுக்கு இது அல்வா மாதிரி. நடுராத்திரியிலும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமே! போலீஸ் வரலாம், லாரி டிரைவர் வரலாம், கொலைகாரனும் வரலாம். 1946ல் வந்த 'தி கில்லர்ஸ்' படம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. தினமும் அங்கே சாப்பிட வருகிற ஒருவனைத் தீர்த்துக்கட்ட இரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள். ஹெமிங்வே 1927ல் எழுதிய சிறுகதை அது. அதில் சமையல்காரர் சாம், கறுப்பர்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கொலைகாரனுக்கு ஸ்டூல் உண்டு. சாமுக்கு அடுப்படி. 'யார் வேண்டுமானாலும்' என்றேனே, அது முழு உண்மை இல்லை. முக்கியமாகத் தென்மாநிலங்களில், கறுப்பர்கள் சமைக்கலாம், தட்டு கழுவலாம். வெள்ளையர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

1960, பிப்ரவரி 1. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போனார்கள். பற்பசை, அது இது என்று வாங்கினார்கள். காசை வாங்கிப் போட்டுக்கொண்டது கடை. அதே கடைக்குள் இருந்த சாப்பாட்டுக் கவுண்ட்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள்.

கிடையாது!

கல்லாவில் காசு கலக்கலாம், கவுண்ட்டரில் மனிதர்கள் கலக்கக் கூடாது. நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

கடை மூடும்வரை நால்வரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. விற்பனை படுத்தது. ஜூலை 25 அன்று அந்தக் கடை இறங்கி வந்தது. அன்று அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பர்கள் யார் தெரியுமா? அதே கடையின் ஊழியர்கள். 1964ல் நாடு முழுமைக்கும் சட்டமே வந்தது.

அதற்கு முப்பது வருஷம் கழித்து, 'பல்ப் ஃபிக்ஷன்'. கடைசிக் காட்சி ஒரு டைனரில். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டுகிறான். அவன் சாவதா, பிழைப்பதா என்று முடிவு செய்கிறவர், காபியும் கையுமாக உட்கார்ந்திருந்த கறுப்பர், சாமுவேல் எல். ஜாக்சன். சுருக்கினால் சாம்தான்! சுடாமல் அனுப்பிவைக்கிறார். அவர் எப்படி அங்கே உட்காரலாம் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. பார்க்கிற நமக்கும் தோன்றுவதில்லை.

அப்படித் தோன்றாமல் போனதற்குப் பின்னால், கடைசிவரை வராத ஒரு காபிக்காகக் காத்திருந்த நான்கு பையன்கள் இருக்கிறார்கள்.