இயக்கி

இயக்கி என்பாள் இந்து, பௌத்த, சமண மரபுகள் மூன்றிலும் இடம்பெற்ற ஒரு பெண் தேவதை. வடமொழியில் யக்ஷி எனப்படுவாள். மரங்களிலும் நீர்நிலைகளிலும் உறைந்து செல்வமும் சந்தானமும் அருள்பவளென்றும், சினந்தால் பிள்ளைகளைக் கவர்பவளென்றும் மக்கள் நம்பினர். இயக்கியரும் அவர்களுடைய ஆண்பாலாராகிய இயக்கரும் சேர்ந்த கணத்துக்குக் குபேரன் அரசன். இவ்வழிபாடு வேதகாலத்துக்கும் முற்பட்ட பழங்குடியினருடையது என்னும் கருத்தைக் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1928இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் ஆதரித்தார். அதனை எல்லா அறிஞரும் ஒப்புக்கொண்டதாகச் சொல்வதற்கில்லை.

இயக்கியரைப் பற்றி நாம் திட்டமாக அறிவதற்கு, மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத்திலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் சிற்பங்கள் பெரிதும் உதவுகின்றன. 1873இல் தொல்பொருளறிஞர் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் அங்குச் சென்றபோது, சுற்றுவட்டத்துக் கிராமத்தார் ஸ்தூபத்தின் கற்களில் பெரும்பகுதியை வீடுகட்ட எடுத்துப் போயிருந்தனர். எஞ்சிய கல்வேலித் தூண்கள் கல்கத்தா பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அத்தூண்களின் தனிச்சிறப்பு, உருவங்கள் பலவற்றின் அருகில் அவற்றின் பெயர் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதாகும். குபேரன், சூசிலோமன், அஜகாலகன் என்னும் இயக்கரும், சந்திரா, சுதர்சனா என்னும் இயக்கியரும் இவ்வாறே நமக்கு அறிமுகமாகின்றனர். சந்திரா ஒரு கையாலும் ஒரு காலாலும் பூமரத்தின் அடியைத் தழுவி, மறுகையால் கிளையைப் பற்றி நிற்கிறாள். அவளுடைய மேகலையின் மணிவடங்களையெல்லாம் சிற்பி தனித்தனியே செதுக்கியிருக்கும் பொறுமை வியக்கத்தக்கது. புத்தரை மனித உருவிற் காட்டாது, பாதச்சுவடு, போதிமரம் போன்ற அடையாளங்களாலேயே உணர்த்திய அதே ஸ்தூபத்தில், நாட்டுமக்களின் இத்தேவதைகள் முழு உருவோடு காவல் நிற்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பாட்னாவை அடுத்த தீதார்கஞ்சில் 1917இல் கிடைத்த, கவரி ஏந்திய பெண் சிலையும் இயக்கியே என்பர். அது மௌரியர் காலத்ததா, பிற்பட்டதா என்னும் விவாதம் தீரவில்லை.

பௌத்தத்தில், பிள்ளைகளைத் தின்றுவந்த ஹாரீதி புத்தரால் திருந்திப் பிள்ளைகளுக்குக் காவலானாள். சமணர், தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இயக்கனையும் ஓர் இயக்கியையும் வகுத்தனர். பார்சுவநாதருக்குப் பத்மாவதியும் நேமிநாதருக்கு அம்பிகையும் உரியோர்.

தமிழகத்தில் சிலப்பதிகாரத்து ஆயர் முதுமகள் மாதரி, மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைக் காண்கிறாள். கழுகுமலையிலும் குமரிமாவட்டச் சிதறால் மலையிலும் இயக்கியர் புடைப்புச் சிற்பங்கள் உள. சிதறால் மலையின் சமணப்பள்ளி பின்னாளில் பகவதி கோயிலாயிற்று. தென்மாவட்டங்களில் கையில் ஒரு பிள்ளையை ஏந்தி, வாயில் மற்றொன்றைக் கவ்வி நிற்கும் இசக்கியம்மனைச் சமண இயக்கியின் வழிவந்தவளெனச் சிலர் கொள்வர். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திவந்து வணிகனைப் பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதையோடு இசக்கியை இணைப்பாரும் உளர். பிள்ளைப்பேறு வேண்டுவோர் இன்றும் இசக்கியம்மனுக்கு மண்ணுருவங்கள் சார்த்துகின்றனர்.

அண்மைக்காலப் படைப்புகளில், கேரளத்து மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அமைத்த பெரிய யக்ஷி சிலை குறிப்பிடத்தக்கது.