பச்சிலைப்பள்ளியின் பெயரேடுகள்

கணினி வலையமைப்பின் பயனர் அடைவில் கிடக்கும் பெயர்களையும் கணக்குகளையும் பிரித்தெடுத்து விரிதாளின் நிரல்களில் இறக்கும் இன்றைய காரியாலயக் கருமம், வட இலங்கையில் பளையைத் தன்னகத்தே கொண்ட பச்சிலைப்பள்ளிக்கு முற்றிலும் புதியதன்று. 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நிலங்களுக்கும் குடிகளுக்கும் தனித்தனியே தோம்பு என்னும் பதிவேடு எழுதுவித்ததோடு அமையாது, கோயிற்பற்று எனப்படும் திருச்சபைப் பிரிவுகளின் பள்ளிக்கூடங்கள்தோறும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் குறிக்கும் பள்ளித்தோம்புகளையும் பேணச் செய்தனர். புலோப்பளை, முகமாலை முதலிய கோயிற்பற்றுகள், 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயுவின் நூலிலும் இடம்பெற்றன.

குடித்தோம்பில் மனிதனின் பெயரோடு அவனுடைய சாதியும், அரசுக்கு அவன் கூலியின்றிச் செய்யவேண்டிய ஊழியமும் சேர்த்தே எழுதப்பட்டன; ஒரு ஜீவனை வரிக்கும் வேலைக்கும் உரிய வரியொன்றாகச் சுருக்கிய அம்முறையை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆயினும், அதே தோம்பு பிற்காலத்தில் காணியுரிமையை நாட்டுதற்கும் உதவியது.

ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் ஆட்சியிலும் பெயரெழுதும் பணி தொடர்ந்தது; 1871-இல் இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு நடைபெற்றது. பின்னாளில், உள்நாட்டுப் போரின்போது இடம்பெயர்ந்த இவ்வட்டாரத்தார் பலர் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்து மீண்டபோது, தாம் இன்னார் என்று நிறுவுதற்கு அவர்கள் நாடியதும், பெயரேடுகளைப் பாதுகாத்த அரசாங்கக் காரியாலயங்களையே.