ஆசாரத்துக் கட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

பல்லடம், பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தீராத நோயில் விழுந்தவருக்கு வீட்டுக் கூடமான ஆசாரத்திலேயே கட்டில் போட்டு, கடைசிவரை பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து விசாரித்துப் போவார்கள். ராத்திரித் துணைக்குப் பங்காளி வீட்டு ஆள் ஒருவர் வந்து படுப்பார். இப்போது அப்படி இல்லையே, சனங்களின் மனசு மாறிவிட்டதே என்ற புலம்பலை நான் ஏற்கவில்லை. மாறியது மனசல்ல, வீட்டின் ஆள்பலம். கிணற்றுப் பாசனத்தை நம்பி எல்லோரும் ஒரே தோட்டத்தில் பாடுபட்டபோது, நோயாளி கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் யாராவது இருந்தார்கள். விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையும் திருப்பூர் பனியன் கம்பெனியும் வந்தபின், மூன்று பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். பழைய ஏற்பாட்டையும் அப்படியே கொண்டாடிவிட முடியாது. கழுவித் துடைக்கும் பாடெல்லாம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. புற்றுநோய் வலிக்குச் சரியான மருந்தும் இல்லை. படுக்கையில் விழுந்த முதியவர்களைக் குடும்பமே சாகவைக்கும் தென்மாவட்டத் தலைக்கூத்தல் வழக்கம் 2010 வாக்கில் செய்தியானபோது, குடும்பம் மட்டும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை உடைந்திருக்க வேண்டும். வெளியிலிருந்தும் ஒரு கை நீண்டால்தான் வீடு தாங்கும் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று நம் மாநில வரலாற்றிலேயே இருக்கிறது. காசம் உயிர்குடித்த காலத்தில் நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே வைத்தியமாக இருந்தது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில் பெருந்துறையில் ஒன்று எழுந்தது. அந்த இடத்துக்கு இன்றும் சானடோரியம் என்றே பெயர். ஆனால் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளில்; இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. சத்தான சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை, வீட்டாருக்குத் தொற்று கூடவுமில்லை என்று 1959-இல் முடிவு வெளியானது. காசம் குணமாகும் நோய், முற்றிய புற்று அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வில் மாத்திரை மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. அது ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்க ஆளும் போனார். இந்த இரண்டும் கிடைத்தால் ஏழை வீடும் நோயாளியைத் தாங்கும். குணப்படுத்த முடியாத நோயில் அந்த மாத்திரையின் இடத்துக்கு வர வேண்டியது வலி மருந்து.

அதில்தான் நாடு தவறியது. கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் தரலாம் என்று 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே இங்கே வந்திருந்த போதைப்பொருள் சட்டமோ, லைசென்ஸ் மேல் லைசென்ஸ் கேட்டு ஆஸ்பத்திரிகளை மிரள வைத்தது. சட்டப்படி அபினி விளைவித்து ஏற்றுமதியும் செய்யும் நாட்டில், மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் வெறும் 18 கிலோவாகச் சுருங்கியது. 2014-இல் வந்த திருத்தம்தான் முடிச்சைத் தளர்த்தியது. மருந்துக்கு அடிமையாகிவிடுவாரே என்று சொந்தக்காரர்கள் இன்னமும் பயப்படுகிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கு ஏற்ற அளவில் தரும்போது அந்த ஆபத்து குறைவு. துடிக்கிறவருக்கு அந்தப் பயத்தைக் காட்டி மருந்தை மறுப்பது கொடுமை.

வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் வேறு வரலாறு. டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, தொண்டர்களால் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரள அரசின் கொள்கையானது. அங்கே பஞ்சாயத்துகள் வலுவானவை, இங்கே நடக்காது என்பார்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வலி நிவாரண ஆதரவு சிகிச்சையையும் வீடு தேடிக் கொண்டுசெல்ல வேண்டிய பணிகளில் சேர்த்திருக்கிறது. தோட்டங்கள் சிதறிக் கிடக்கும் பல்லடத்தில் அது எளிதல்ல. வெளிமாநிலத்திலிருந்து வந்து தறியோட்டும் குடும்பங்களுக்கோ துணைக்குப் படுக்க இங்கே பங்காளிகளே கிடையாது. அதனாலேயே இது அவசியமாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை: பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. பிள்ளைகள் இதைக் கைகழுவப் பயன்படுத்துவார்களே என்றால், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பாமல் எதையும் நிறுத்த முடியாது. உங்கள் வீட்டில் தீராத நோயில் விழுந்தவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவுசெய்து, வலி மருந்தையும் வீட்டுக்கு வரும் நர்ஸையும் கேளுங்கள்.